பம்பில் வைத்து பைபாஸ் செய்தால் ஞாபகசக்தி போய்விடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. இதய-நுரையீரல் இயந்திரத்தில் (பம்ப்) வைத்து பைபாஸ் செய்யப் போவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். "மெஷினில் போட்டால் ஞாபகம் மங்கிவிடும், இதயம் துடிக்கும்போதே செய்யச் சொல்லுங்கள்" என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். அப்படிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் ஞாபகசக்தியைக் காப்பாற்றுவதற்காக மட்டும் என்றால் அதற்கு அவசியம் இல்லை.

உங்கள் உறவினரின் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பைபாஸ் செய்துகொண்ட 261 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் நினைவாற்றல், கவனம் ஆகியவற்றைச் சோதித்தார்கள். வீடு திரும்பும் நேரத்தில் 53 சதவீதம் பேருக்குத் திறன் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாக இறங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடி 42 சதவீதமாக ஏறியது. பழி முழுக்க இயந்திரத்தின் மேல் விழுந்தது.

அப்படி நினைத்ததிலும் நியாயம் இருந்தது. இதயத்துக்கு வர வேண்டிய கருஞ்சிவப்பு ரத்தம் பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே வந்து, ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சேர்க்கும் ஆக்ஸிஜனேட்டருக்குள் போய்ப் பளிச்சென்ற சிவப்பாக மாறி, பெருந்தமனிக்குத் திரும்புகிறது. அந்நியப் பொருளைத் தொட்டதும் உறைவதுதான் ரத்தத்தின் இயல்பு. அதனால் முதலிலேயே உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை அதிக அளவில் கொடுக்கிறோம். சாதாரணமாக இரண்டு நிமிடம் போல ஆகும் உறைவு நேரம் 400, 480 விநாடிகளைத் தாண்டிய பிறகுதான் பம்ப் ஓடத் தொடங்கும். உறையாவிட்டாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சோர்ந்துபோகும், சிவப்பணுக்கள் கொஞ்சம் உடையும். குழாய்களை முன்கூட்டி நிரப்பிய திரவம் கலப்பதால் ரத்தமும் நீர்த்துவிடும். நுண்ணிய காற்றுக் குமிழிகளும் கொழுப்புத் துணுக்குகளும் மூளைவரை போகலாம்.

சரி, அப்படியானால் பம்ப் இல்லாமல் செய்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? நெதர்லாந்தில் இதைத்தான் சோதித்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பம்பில் வைத்தும் மற்றவர்களுக்கு இதயம் துடிக்கும்போதேயும் ஆபரேஷன் செய்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே மாதிரி சரிவு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபரேஷனே செய்துகொள்ளாத இதய நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். நாளடைவில் அவர்களும் அதே அளவுக்குத்தான் சரிந்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, வயது என்று இதயக் குழாயை அடைக்கும் அதே காரணங்கள் மூளையின் சிறு குழாய்களையும் அரிக்கின்றன. நீண்டகால மறதிக்கு என் கணக்கில் முதல் குற்றவாளி இதுதான்.

பம்ப் இல்லாத ஆபரேஷனுக்கும் ஒரு விலை உண்டு. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தில் மயிரிழை நூலால் ரத்தக்குழாயைத் தைப்பது கடினமான வேலை. அமெரிக்காவில் 2,203 பேரை வைத்து நடந்த ரூபி ஆய்வில், அப்படித் தைத்த குழாய்கள் ஓராண்டுக்குள் கூடுதலாக அடைத்துக்கொண்டன; ஐந்து ஆண்டுகளில் இறப்பும் சற்று அதிகம். அனுபவசாலிகள் மட்டும் ஆபரேஷன் செய்த, 4,752 பேர் கொண்ட 'கரோனரி' என்ற ஆய்வில் ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே உங்கள் சர்ஜனுக்கு எது கைவந்த முறையோ அதையே செய்யவிடுங்கள். ஒரு விதிவிலக்கு: பெருந்தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாக இருந்தால், அதைத் தொடாமல் பம்ப் இல்லாமல் செய்வது பக்கவாத ஆபத்தைக் குறைக்கும். "பெருந்தமனி எப்படி இருக்கிறது?" என்று கட்டாயம் கேளுங்கள்.

நீங்கள் உண்மையில் தயாராக வேண்டியது முதல் சில நாட்களுக்கு. ஐ.சி.யூ.வில் இரவும் பகலும் தெரியாமல், பேர் சொன்னாலும் குழம்பி, டியூபைப் பிடுங்கப் பார்ப்பார்கள் சிலர். இது டெலிரியம். பார்க்கவே கலக்கமாக இருக்கும். பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். அப்பாவின் கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் ஐ.சி.யூ.வுக்குக் கொடுத்தனுப்புங்கள். தெரிந்த குரல் பேசுவதும், இரவில் தூங்க முடிவதும் பெரிய உதவி. அவர் குடிப்பவராக இருந்தாலோ, ஏற்கெனவே மறதி இருந்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இரண்டு மருந்து விஷயங்கள். முன்பு எப்போதாவது ஹெப்பாரின் கொடுத்துத் தட்டணுக்கள் குறைந்திருக்கிறதா? அப்படியானால் மறுபடி கொடுப்பது ஆபத்தாகலாம். ஆபரேஷன் திட்டமே மாறக்கூடும். என்.பி.ஹெச். இன்சுலின் போடுகிறாரா? ஹெப்பாரினை முறிக்க நாங்கள் கொடுக்கும் புரோட்டமைன் அந்த இன்சுலினிலும் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம் என்பதால், மயக்க மருந்து டாக்டருக்கு முன்பே தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம்வரை கவனம் சிதறுவது, பேர் சட்டென்று நினைவுக்கு வராதது எல்லாம் நடக்கலாம். படபடப்பும் ஒழுங்கற்ற துடிப்பும் வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பைபாஸுக்குப் பிறகு பலருக்கு வரும், மருந்தால் கட்டுப்படும். சிறுநீர் குறைந்தாலும் அன்றே காட்ட வேண்டும். முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.