போனவென்ச்சர் கல்லறைத் தோட்டத்தின் ஆவிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அதே ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவானா நகருக்கு அழைத்துப் போனார்கள். அங்கே போனவென்ச்சர் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி, மாளிகை எரிந்துகொண்டிருக்கையில் நடந்த விருந்து, இரத்தக் கண்ணீர் வடிக்கும் சிறுமியின் சிலை என்று கதை கதையாகச் சொன்னார். என் பேத்தி அன்றிரவு உறங்கவேயில்லை. இவற்றில் உண்மை எவ்வளவு? அத்தனை அழகான இடத்துக்குப் பேய்க்கதைகள் எதற்கு என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ம., திருச்சி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆயினும் அக்கதைகளைப் பொய் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆவி உண்டா இல்லையா என்ற கேள்வியைவிட, அந்த ஓக் மரங்களுக்கு அடியில் யாருடைய ஆவி உலவுவதாகச் சொல்கிறார்கள், யாருடையது உலவுவதாகச் சொல்வதில்லை என்பதே என் கவனத்தை ஈர்க்கிறது.

விருந்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். மாளிகையில் பெரிய விருந்து நடந்துகொண்டிருக்கையில் கூரையில் தீப்பிடித்துவிட்டதாகப் பணியாள் வந்து காதோடு சொல்கிறான். வீட்டுக்காரர் சற்றும் பதறாமல் மேசைகளைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லப் பணிக்கிறார். எரியும் வீட்டின் வெளிச்சத்திலேயே விருந்து முடிகிறது. கடைசியாக எல்லோரும் மது அருந்திவிட்டுக் கண்ணாடிக் கோப்பைகளை ஓக் மரத்தில் வீசி உடைக்கிறார்கள். அந்தச் சிரிப்பும் கண்ணாடி நொறுங்கும் ஓசையும் அமைதியான இரவுகளில் இன்றும் கேட்கும் என்பார்கள். வீடு எரிந்தது உண்மை. மற்றவை சொல்பவருக்கேற்ப மாறுகின்றன. விருந்தளித்தவர் யார் என்பதிலேயே ஒற்றுமை இல்லை.

அந்த மேசைகளைத் தூக்கிச் சென்றவர்கள் யார்? 1733இல் தொடங்கப்பட்ட ஜார்ஜியா குடியேற்றத்தில் அடிமைமுறை சில காலம் சட்டப்படி தடுக்கப்பட்டிருந்தது. 1751இல் அத்தடை நீங்கியது. அதற்குப் பிறகுதான் ஜான் முல்ரைன் என்பவரும் அவருடைய மருமகன் ஜோசையா டாட்னலும் வில்மிங்டன் ஆற்றங்கரையில் போனவென்ச்சர் பெருந்தோட்டத்தை அமைத்தார்கள். அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். கூரை எரியும்போது மேசையையும் பாத்திரங்களையும் வெளியே சுமந்தவர்கள் அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கதையில் சிரிப்பொலி கேட்பது விருந்தினர்களுடையது. சுமந்தவர்களின் காலடியோசையைக் கேட்டதாக எவரும் சொல்லி நான் வாசித்ததில்லை. தெற்கு மாநிலங்களில் பேயாவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருந்தது போலும்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் புரட்சியில் அக்குடும்பம் அரசர் பக்கம் நின்றதால் 1782இல் நிலம் பறிமுதலானது. புரட்சியாளர் பக்கம் சேர்ந்துகொண்ட மகன், இளைய ஜோசையா டாட்னல், அதை மீட்டு, 1801இல் ஜார்ஜியாவின் ஆளுநராகவும் ஆனார். 1846இல் பீட்டர் வில்ட்பெர்கர் என்ற விடுதி உரிமையாளர் தோட்டத்தை வாங்கி, குடும்பக் கல்லறையைச் சுற்றிய பகுதியைப் பொதுக் கல்லறைத் தோட்டமாக்கினார். எவர்கிரீன் என்ற பெயரில் ஒரு நிறுவனம் நடத்திவந்த அதை 1907இல் சவானா நகராட்சி வாங்கிப் பழைய பெயரையே மீண்டும் சூட்டியது.

இடையில் வந்துபோன ஒருவரை விட்டுவிட மனமில்லை. பிற்காலத்தில் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பை நிறுவிய இயற்கையியலாளர் ஜான் மியூர், 1867 அக்டோபரில் ஃபுளோரிடா நோக்கி நடந்துவந்தபோது, ஊரிலிருந்து வரவேண்டிய பணம் வராமல் சவானாவில் சிக்கிக்கொண்டார். விடுதிக்குக் காசில்லை, வெளியே படுத்தால் திருடர் பயம். பேய்க்குப் பயந்து எந்தப் போக்கிரியும் கல்லறைக்குள் வரமாட்டான் என்று கணக்கிட்டுப் போனவென்ச்சரில் சமாதிகளுக்கு நடுவே சில இரவுகள் உறங்கினார். பேய்க்கதையை இவ்வளவு நடைமுறை அறிவோடு பயன்படுத்திக்கொண்ட வேறொருவரை எனக்குத் தெரியாது. ஆவி எதுவும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை; கொசுதான் கடித்தது. சில வாரங்களில் ஃபுளோரிடாவில் அவரைப் படுக்கையில் தள்ளிய மலேரியா இங்கேதான் தொற்றியிருக்கும் என்று கருதுவோரும் உண்டு. அவர் வியந்து எழுதிய ஓக் மரச் சாலை இன்றும் இருக்கிறது. கிளைகளிலிருந்து சடைசடையாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் உண்மையில் பாசி அல்ல. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த, வேரூன்றாமல் காற்றிலிருந்தே ஈரம் பெறும் ஒரு பூக்கும் தாவரம். பேய்க்கதைகளில் பாதியை அந்தத் தாவரமே உண்டாக்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இனி உங்கள் பேத்தியை உறங்கவிடாத சிறுமி. கிரேசி வாட்சன், சவானாவின் புலாஸ்கி ஹவுஸ் விடுதி மேலாளருடைய ஒரே மகள். 1889இல், ஆறு வயதில், நிமோனியா காய்ச்சலில் இறந்தாள். மறு ஆண்டு ஜான் வால்ஸ் என்ற சிற்பி அவளுடைய புகைப்படத்தைப் பார்த்து, அவள் உயரத்துக்கே பளிங்கில் சிலை செய்தார். பெற்றோர் பிறகு ஊரைவிட்டுப் போய்விட்டதால் அவள் அங்கே தனியாகவே இருக்கிறாள். யாரேனும் அவள் காலடியில் வைக்கப்பட்ட பொம்மைகளை எடுத்துவிட்டால் சிலை இரத்தக் கண்ணீர் வடிக்கும் என்பது பின்னாளில் சேர்ந்தது. அதே தோட்டத்தில் கொரின் லாட்டன் என்ற இளம்பெண்ணின் சிலையும் இருக்கிறது. காதலித்தவனை விடுத்து வேறொருவனுக்கு மணம் பேசியதால், திருமணத்துக்கு முன்பே ஆற்றில் விழுந்து மாண்டாள் என்று கதை கட்டிவிட்டார்கள். 1877இல் அவள் நோயுற்று இறந்ததாகவே குடும்பத்தாரின் பதிவுகள் காட்டுகின்றன. சிற்பிக்கு வாய்த்த அத்தனை துயரமான முகத்துக்கு ஒரு காய்ச்சல் போதுமான காரணமாகக் கேட்பவர்களுக்குத் தோன்றவில்லை.

இவ்விரு கதைகளும் ஒரே இடத்திலிருந்து முளைத்தவை: உயிருள்ளது போன்ற முகம் கல்லில் இருக்கிறது, அம்முகத்துக்குரியவர் சொன்ன சொல் ஒன்றுகூட எவர் நினைவிலும் இல்லை. தன் கதையைத் தானே சொல்லிவிட்டவர்களுக்குப் பேய் ஒட்டுவதில்லை. கவிஞர் கான்ராட் எய்க்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1901இல் அவருடைய தந்தை தாயைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். உடல்களைக் கண்டது பதினொரு வயதுச் சிறுவனான எய்க்கன். மூவரும் போனவென்ச்சரில் அருகருகே இருக்கிறார்கள். பேய்க்கதைக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் வேண்டுமா? ஆயினும் அங்கே போகிறவர்கள், வருவோர் உட்காரட்டும் என்று பெஞ்சு வடிவில் அமைக்கப்பட்ட அவருடைய கல்லறைக் கல்லில் அமர்ந்து, ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தத் துயரத்தை அவரே எழுதிவிட்டார். மற்றவர்கள் இட்டுக்கட்ட ஒன்றும் மீதமில்லை. யூதர் பகுதியில், ஜெர்மனியின் ஆலம் என்ற நாஜி வதைமுகாமில் மாண்டவர்களின் சாம்பலும் புதைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றியும் பேய்க்கதை எதையும் நான் கேட்டதில்லை. உங்கள் வழிகாட்டி அங்கே அழைத்துச் சென்றாரா என்று அறிய ஆவல்.

ஆகவே அக்கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கதைகளின் புகழ் அந்த இடத்துக்குக் கேடும் செய்திருக்கிறது. 1994இல் வெளிவந்த ஒரு நூலின் அட்டைப்படத்தால் புகழ்பெற்ற ‘பறவைச் சிறுமி’ வெண்கலச் சிலையைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததால், அதை அங்கிருந்து அகற்றி, பின்னர் டெல்ஃபேர் அருங்காட்சியகத்தில் வைக்க நேர்ந்தது. கிரேசியைச் சுற்றி இரும்பு வேலி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பேத்தியிடம் கிரேசியின் கதையை இரத்தக் கண்ணீர் இல்லாமல் சொல்லிப் பாருங்கள். ஆறு வயதில் காய்ச்சலில் இறந்த ஒரு குழந்தை, அவளைப் பார்க்க இன்றும் யாராவது வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற அளவில் அது பயமுறுத்தும் கதையல்ல. மறுமுறை போக வாய்த்தால், அதே சவானாவில் உள்ள லாரல் குரோவ் கல்லறையின் தெற்குப் பகுதிக்கும் போய்வாருங்கள். வெள்ளையருக்கு வடக்கு, கறுப்பினத்தவருக்குத் தெற்கு என்று பிரித்து 1850களில் திறக்கப்பட்ட இடம் அது. அடிமையாகப் பிறந்து, பிரசங்கம் செய்ததற்காகச் சவுக்கடி பட்டு, பின்னர் விடுதலை பெற்றுச் சவானாவின் கறுப்பின பாப்டிஸ்ட் திருச்சபையை வழிநடத்திய ஆண்ட்ரூ பிரையனின் கல்லறை அங்கே இருக்கிறது.