4கே கேமிங்குக்கு கிராபிக்ஸ் கார்டு எடுக்கும்போது விராம் எதற்குப் பார்க்க வேண்டும்?

விராம் என்பது கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம். கேமில் வரும் சுவர், மரம், முகம் இவற்றின் படங்களும், வரைந்துகொண்டிருக்கும் காட்சியும் அங்கேதான் இருக்கும்.

1080பி திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கேயில் கிட்டத்தட்ட 83 லட்சம், அதாவது நாலு மடங்கு. காட்சிக்கும், நுணுக்கமான படங்களுக்கும் அதிக இடம் வேண்டும். இடம் தீர்ந்தால் கார்டு கம்ப்யூட்டரின் பொது நினைவகமான ராமிலிருந்து எடுத்துவர வேண்டும். அந்த வழி மிக மெதுவானது. அப்போதுதான் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது.

திருப்பூர் பனியன் கம்பெனியைப் பாருங்க. வெட்டின துணி பீஸ் பவர் டேபிள் (தையல் மெஷின்) பக்கத்திலேயே கிடந்தால் டெய்லர் கை நிற்காது. தீர்ந்துபோய், ஊர்க்கோடி குடோனிலிருந்து டெம்போ வரணும்னா? எவ்வளவு கெட்டிக்கார டெய்லரும் சும்மாதான் உட்காரணும்.

புது கேம்களை 4கேயில் ஆட 16 ஜிபி விராம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியை நான் பரிந்துரைக்க மாட்டேன், விலை எவ்வளவு இறங்கினாலும்.

ஆனால் 'ஜிபி கூடினால் வேகம் கூடும்' என்று கடையில் சொன்னால் நம்பிடாதீங்க: 2023இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகை; இரண்டிலும் ஒரே சிப்தான், 8 ஜிபி போதாத கேமில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.