எம்டன் கேப்டனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

கேள்வி: “அவன் சரியான எம்டன்” என்கிறோமே, அந்த எம்டன் கப்பலின் கேப்டன் யார்? கடைசியில் என்ன ஆனார்?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: எங்கள் தாத்தாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே பாட்டி, “எம்டன் வந்தாச்சு” என்று வாயில் விரல் வைப்பாள். அப்படி மிரட்டலான ஆளை எதிர்பார்த்து கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் போட்டோவைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒடிசலான உடம்பு. அதிகம் பேசாத சுபாவம்.

1873-ல் ஹானோவரில் பிறந்தவர், 1891-ல் ஜெர்மன் கடற்படையில் சேர்ந்தார். ‘ஷ்வால்பெ’ என்ற சின்னப் போர்க்கப்பலில் கிழக்கு ஆப்பிரிக்கா போனபோது மலேரியா பிடித்தது. அதற்கப்புறம் ஆளை விடவேயில்லை. பிறகு பெர்லினில் ஆபீஸ் நாற்காலி. எம்டன் அவர் கைக்கு வந்தது 1913-ல், அதாவது சேர்ந்து 22 வருஷம் கழித்து!

அடுத்த வருஷம் முதல் உலகப் போர் மூண்டதும் தனியாக வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தார். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல் ‘யார்மவுத்’துக்கு நான்கு. கேன்வாஸ் துணியில் பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்திவிட்டார்! தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது நம்ம கப்பல்தானே? இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் சிக்கின. ஆட்களைப் பத்திரமாக இறக்கி, பிடித்த கப்பல் ஒன்றிலேயே ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்றதை மூழ்கடிப்பார். விடுதலையான மாலுமிகள் அவருக்கு ‘ஜே’ போட்டுவிட்டுப் போனார்களாம்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் சுமார் 130 குண்டுகள். குறி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது; ஊர் காலியாகத்தான் பல நாள் ஆயிற்று, அவ்வளவு பீதி. ஒரு குண்டு விழுந்த இடத்தில், உயர் நீதிமன்ற மதிலில், கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

நவம்பர் 9-ல் இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ பிடித்துக்கொண்டது. அதன் பீரங்கிகள் பெரியவை. முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர் கைதியாக மால்டாவுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் போனார். சும்மா இருந்தாரா? 1917 செப்டம்பரில் இருபதுக்கும் மேற்பட்ட அதிகாரிகளோடு சுரங்கம் வழியாகத் தப்பி, மறுபடி பிடிபட்டார். அவரை வெளியே கொண்டுவந்தது கடைசியில் அந்தப் பழைய மலேரியாதான். 1918-ல் சிகிச்சைக்கென்று ஹாலந்துக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே உடம்பு முடியாமல் கடற்படையிலிருந்து ஓய்வு. 1923 மார்ச்சில் இறந்தபோது வயது 49.

28 வருஷ சேவையில் உலகத்துக்குத் தெரிந்தது மூன்றே மாதம். அதைப் புத்தகமாக எழுதியிருந்தால் காசு கொட்டியிருக்கும். அவருக்குக் கீழே இருந்த ஃபான் மூக்கே 1915-லேயே எழுதிவிட்டார், கேப்டன் சிறையில் இருக்கும்போதே! முல்லர் மட்டும் எழுத மறுத்துவிட்டார். செத்துப்போன சகாக்களின் ரத்தத்தைக் காசாக்குவது போலிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது குண்டு போட்டதற்காக அல்ல, இதற்காகத்தான்.

கேள்வி: எம்டனில் நம்ம சுதந்திரப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளையும் வந்தார் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து திட்டிக் கடிதம் வரும், வரட்டும். எம்டன் கிளம்பியது சீனாவின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து. அப்போது பிள்ளை இருந்ததோ சுவிட்சர்லாந்தில். நடுக்கடலில் எப்படி ஐயா ஏறுவார்?