மார்புக் கட்டிக்கு பயாப்ஸி எடுத்தாகிவிட்டது. ரிசல்ட் வரும்வரை பயத்தை எப்படிச் சமாளிப்பது?

ராத்திரி ஒரு மணிக்கு இதைக் கேட்டிருக்கிறீர்கள். 36 வயது, பயாப்ஸி எடுத்து மூன்று நாள், ரிசல்ட்டுக்கு இன்னும் நாலைந்து நாள் ஆகும், தூக்கமும் இல்லை, வேலையும் ஓடவில்லை என்று நாலே வரி. அந்த ஒரு மணி எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். கை தானாக அந்த இடத்துக்குப் போய், நேற்றைக்கு இன்று பெரிதாகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். வீட்டில் நீங்கள் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை என்றும் தோன்றுகிறது. தப்பாக நினைத்திருந்தால் மன்னியுங்கள்.

நான் டாக்டரோ நர்ஸோ இல்லை. சென்னை வில்லிவாக்கத்தில் 19 வருஷமாக ப்ளவுஸ் தைக்கிறேன். மருத்துவ விஷயத்தில் நீ எப்படிப் பதில் சொல்லலாம் என்று யாராவது வருவார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு நடந்ததையும், என் டாக்டர் எனக்குச் சொன்னதையும்தான் எழுதுகிறேன். உங்கள் உடம்பைப் பற்றி உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

2022 நவராத்திரியில் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே கொண்டைக்கடலை அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. எட்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது, சீட்டுப் பணம் கட்ட வேண்டியிருந்தது, இப்படிக் காரணத்துக்கா பஞ்சம்? இத்தனைக்கும் ஆரணியில் இருந்த எங்கள் சித்தி இதே மாதிரி ஒன்றை இரண்டு வருஷம் மறைத்து, புண்ணாகி நாற்றம் எடுத்த பிறகுதான் காட்டினார். காப்பாற்ற முடியவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்திருந்தும் எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அதனால் யாராவது உங்களிடம் "படிச்ச பொண்ணு, ஏன் பயப்படுற" என்றால் காதில் வாங்காதீர்கள். தெரிந்திருப்பதால் பயம் போய்விடாது.

அப்புறம் வீட்டுக்காரரிடம் சொல்லி, லேடி சர்ஜன் ஒருவரைப் பார்த்து, அண்ணா நகரில் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தோம். ரிப்போர்ட்டில் கடைசி வரியில் பைராட்ஸ் 4ஏ என்று போட்டிருந்தது. என் கண்ணுக்கு அந்த 4 மட்டும்தான் தெரிந்தது. நாலாவது ஸ்டேஜ் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் ஒரு அம்மா மடியில் வைத்திருந்த பூக்கூடையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பெண்ணுக்கு 16 வயது, இன்னும் ப்ளஸ் டூ கூட முடிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே.

உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படி ஒரு எண் இருக்கும். அது ஸ்டேஜ் இல்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்தவர் எவ்வளவு சந்தேகப்படுகிறார் என்பதற்கு 0 முதல் 6 வரை போடும் கணக்கு. 4ஏ என்றால் சந்தேகம் குறைவுதான், 100 பேரில் 2 முதல் 10 பேருக்குத்தான் புற்றுநோயாக இருக்கும், ஆனாலும் சும்மா விடாமல் சதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அர்த்தம். இதை டாக்டர் மறுநாள்தான் சொன்னார். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒரு ராத்திரி எனக்கு மிஞ்சியிருக்கும்.

பயாப்ஸி நீங்களே பார்த்ததுதான். மரத்துப்போக ஊசி, அப்புறம் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக், டக் என்று நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே "இப்ப சத்தம் வரும்மா" என்று சொன்ன அந்த சிஸ்டர் நன்றாக இருக்க வேண்டும். சின்ன பாட்டிலில் போட்டதை எட்டிப் பார்த்தேன். அரை இன்ச் நூல் துண்டு மாதிரி வெள்ளையாக மிதந்தது. ஊசி போட்ட இடம் மறுநாள் கன்றி நீலமாகிவிட்டது. அது சாதாரணம் என்றார்கள். சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ உடனே வரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் ஊசி குத்தினால் பரவிவிடும் என்று வேறு பயமுறுத்தினார். டாக்டரிடம் கேட்டேன். அந்தப் பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப் போட்டவர்களைத்தான் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன் என்றார்.

எனக்கு உதவிய முதல் விஷயம், ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று அந்த சிஸ்டரிடமே கேட்டது. சதையை மருந்தில் ஊற வைப்பார்களாம். பிறகு மெழுகில் பதித்து, தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றுவார்களாம். ஊதாவும் ரோஸும். அதற்கு அப்புறம்தான் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். சில சமயம் இன்னொரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள், அதற்குத் தனியாகச் சில நாள். துணி, சாயம், நறுக்குவது என்று எனக்குப் பழகிய வேலை மாதிரியே இருந்ததால் மனசில் நின்றது. எங்கோ ஒருவர் மேஜையில் என் வேலை நடந்துகொண்டிருக்கிறது, அவசரப்பட்டால் வெட்டு கோணலாகும் என்று நினைத்துக்கொண்டேன். சொன்ன தேதியைத் தாண்டினால் கெட்ட செய்தி என்று அர்த்தமே இல்லை. எனக்குப் புதன் என்றார்கள், வியாழன்தான் வந்தது. அந்த ஒரு நாள் அதிகமானதற்கு நான் பட்ட பாடு அனாவசியம்.

இரண்டாவது, டீச்சர்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சர், என்னுடைய பழைய கஸ்டமர். புற்றுநோய் வந்து அவருக்கு ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் முறை அளவு கொடுக்க வந்தபோது கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, புடவையை விலக்கி, "பார்த்துக்கோம்மா, நீ பார்த்தாதான் தைக்க முடியும்" என்றார். என் கையில் இன்ச் டேப் நடுங்கியது, அவர் நடுங்கவில்லை. அந்தப் பக்கம் லைனிங்குக்கு உள்ளே ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தேன். வெறும் பஞ்சு வைத்தால் கனம் இல்லாமல் ப்ளவுஸ் அந்தப் பக்கம் மேலே ஏறிவிடுகிறது. இரண்டு மூன்று தடவை பிரித்துத் தைத்து, கடைசியில் சின்னத் துணிப்பையில் கடுகு போட்டுப் பஞ்சுக்கு நடுவில் வைத்தோம். சரியாக உட்கார்ந்தது. இன்றைக்கும் அவருக்கு அப்படித்தான் தைக்கிறேன்.

பயாப்ஸி எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ப்ளவுஸ் டெலிவரி என்று வீட்டில் சொல்லிவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்ததும் அழுகை. அவர் தைரியமாக இரு என்று சொல்லவில்லை, ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை. காபி போட்டு வந்து வைத்துவிட்டு, "எனக்கும் அந்த வாரம்தாம்மா மோசம். புற்றுநோய்தான்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி நான் தூங்கிட்டேன். எந்த டாக்டர், எந்தத் தேதி, எவ்ளோ செலவு, யார் கூட வருவாங்கன்னு செய்யறதுக்கு வேலை வந்துடுச்சில்ல" என்றார். அதோடு விட்டாரா, தினமும் ராத்திரி 9 மணிக்குத் தனக்குப் போன் செய்யச் சொன்னார். பத்து நிமிஷம், பயத்தை அவரிடம் மட்டும் பேச வேண்டும். மற்ற நேரத்தில் பயம் வந்தால் "ஒம்பது மணிக்கு டீச்சர்கிட்ட சொல்லிக்கறேன்" என்று மனசுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். கேட்க சின்னப் பிள்ளை விஷயம் மாதிரி இருக்கும். எனக்குப் பாதி நாள் வேலை செய்தது, பாதி நாள் செய்யவில்லை. பாதி நாளே பெரிது. உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்து பேசலாம்.

வேலை செய்தால் பயம் தெரியாது என்பார்கள். எந்த வேலை என்பதைப் பொறுத்தது. வெட்டும் வேலை என்னால் முடியவில்லை, ஒரு பட்டு பிட்டில் கையை இரண்டு இன்ச் குறைத்து வெட்டிவிட்டேன். ஹெம்மிங்கும் ஹூக்கும் முடிந்தது. கை மட்டும் போகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் தேடுவதை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன், யாரும் விடுவதில்லை. இருட்டிய பிறகு மட்டும் தேடாதீர்கள்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த வாரத்தில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு 14 ப்ளவுஸ் என்னிடம் இருந்தது. இரண்டு நாள் தாமதமாகும் என்றதற்கு, அந்த அம்மா வாசலில் நின்று கத்திவிட்டு, லைனிங் ப்ளவுஸுக்கு 20 ரூபாய் குறைத்துக் கொடுத்தார். 15,000 ரூபாய் பட்டுப்புடவை எடுத்தவர்! கடை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆணை "மாஸ்டர்" என்று கூப்பிட்டுக் கேட்ட காசைக் கொடுக்கிறீர்கள். வீட்டில் தைக்கும் எங்களிடம் பேரம். இரண்டு கையிலும் ஒரே ஊசிதானே ஓடுகிறது? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் உடம்பு முடியாத வாரத்தில் பட்ட பேச்சு மறக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை ரிப்போர்ட் வாங்கப் போனபோது கவுண்டரில் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் கையில் கவரைக் கொடுத்தார்கள். என் பெயர் போட்ட கவர். நான் வாங்கிப் பிரித்தேன். "நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி" என்று இருந்தது. நெகட்டிவ் என்றதும் எனக்குக் காலடியில் தரையே இல்லை. நம் பேச்சில் நெகட்டிவ் என்றால் கெட்டதுதானே. பெண்ணுக்குப் போட்டோ அனுப்பினேன். அவள்தான் போன் செய்து, "அம்மா, கேன்சர் இல்லைன்னு போட்டிருக்கும்மா" என்று அழுதாள். ஃபைப்ரோஅடினோமா, சாதாரணக் கட்டி. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன்.

"உனக்கு நல்லபடியாக வந்துவிட்டது, அதனால் பேசுகிறாய்" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை, உங்களுடையதும் அப்படியே இருக்கட்டும் என்று அகத்தீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். ஆனால் டீச்சருக்கு அப்படி வரவில்லை. நான் சொன்னதில் உருப்படியானது எல்லாம் அவர் சொன்னதுதான்.

இன்னொன்று. நம் ஊரில் "அடையாறு போகச் சொல்லிட்டாங்களாம்" என்று அங்கிருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரியைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், முடிந்தது கதை என்கிற மாதிரி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அடுத்தவர் வீட்டிலாவது நடக்கக் கூடாது என்று 1954ல் தொடங்கியது அந்த ஆஸ்பத்திரி. டாக்டர் சாந்தா அடுத்த வருஷம் சேர்ந்து, 2021ல் கண் மூடும்வரை அங்கேயே இருந்தார். டீச்சருக்கு வைத்தியம் நடந்ததும் அங்கேதான். அங்கே போய்விட்டுத் திரும்பி வந்துதான் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

காலையில் முதல் வேலையாக லேபுக்குப் போன் போட்டு, எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லுங்கள். கவரை டாக்டர் எதிரில் பிரிக்கிற மாதிரி அன்றைக்கே அவரிடம் டோக்கனும் வாங்கிவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள். எதுவாக இருந்தாலும் போடுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.