லாரி கேட்டை உடைத்ததைப் பார்த்தேன்: ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது?

கேள்வி: தொழிற்சாலை ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். ரிவர்ஸில் வந்த லாரி கேட்டை உடைத்ததை நேரில் பார்த்து, ‘ஐ சா தி லாரி ஸ்மாஷ் தி கேட்’ என்று ரிப்போர்ட் எழுதினேன். மேலாளர் ‘ஸ்மாஷிங்’ என்று திருத்தினார். கூட வேலை பார்ப்பவர் ‘ஸ்மாஷ்ட்’ என்கிறார். எது சரி?

பதில்: நீங்கள் எழுதியதுதான் சரி. சீ, ஹியர், வாட்ச், ஃபீல், நோட்டீஸ் போன்ற வினைகளுக்கு அடுத்து ஆளையோ பொருளையோ சொன்ன பிறகு, வருகிற வினையை மொட்டையாக விடலாம். ‘இங்’ சேர்த்தும் எழுதலாம். மொட்டையாக விட்டால், நடந்ததை முழுதாகப் பார்த்தீர்கள் என்று பொருள். ‘இங்’ சேர்த்தால், நீங்கள் பார்த்த நேரத்தில் அது நடந்துகொண்டிருந்தது. முடிந்ததா என்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

ரிப்போர்ட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ‘ஐ சா தி டிரைவர் சைன் தி ரெஜிஸ்டர்’ என்றால் அவர் கையெழுத்துப் போட்டு முடித்ததற்கு நீங்கள் சாட்சி. ‘சைனிங்’ என்றால் பேனாவும் கையுமாகப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். நாளைக்கு விசாரணை என்று வந்தால், இரண்டும் வேறு வேறு வாக்குமூலம்.

கேட் உடைவது நொடியில் முடிகிற காரியம். அங்கே ‘ஸ்மாஷிங்’ போட்டால் லாரி திரும்பத் திரும்ப இடித்தது போலத் தொனிக்கும். ஆனால் நீங்கள் திரும்பிப் பார்த்தபோதே லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது என்றால், முதல் வரியில் ‘ஐ சா தி லாரி ரிவர்ஸிங்’ என்று எழுதி, அடுத்த வரியில் ‘ஸ்மாஷ்’ போடுங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன்.

‘ஸ்மாஷ்ட்’ தவறு. தமிழில் ‘உடைத்ததை’ என்று இறந்தகாலத்தில் சொல்லிப் பழகியதால் வருவது அது. ஆங்கிலத்தில் காலத்தை ‘சா’வே காட்டிவிடுகிறது. கேட் உடைக்கப்பட்டதைச் சொல்வதானால் ‘ஐ சா தி கேட் ஸ்மாஷ்ட்’ என்பது சரி.

அப்புறம், அலுவலக ரிப்போர்ட் என்றாலே செயப்பாட்டுவினை வந்துவிடும். அங்கே ‘டு’ கட்டாயம்: ‘தி டிரைவர் வாஸ் சீன் டு லீவ்’. நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களும் சறுக்கும் இடம் இது. ‘இங்’ மட்டும் மாறாது: ‘வாஸ் சீன் லீவிங்’.

எல்லா வினைக்கும் இந்த இரண்டு வழியும் கிடையாது. ‘ஸ்மெல்’ வந்தால் ‘இங்’ மட்டும்தான்: ‘ஐ ஸ்மெல்ட் சம்திங் பர்னிங்’. கையும் களவுமாகப் பிடிப்பதற்கு வரும் ‘கேட்ச்’சும் அப்படியே. நைட் ஷிஃப்டில் தூங்கியவரைப் பற்றி எழுதினால் ‘ஐ காட் ஹிம் ஸ்லீப்பிங்’தான், ‘ஸ்லீப்’ என்று எழுத வழியே இல்லை.