சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை: கோளாறு எங்கே?

கேள்வி: உபுண்டு 22.04 லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் யூஎஸ்பி டிவிடி டிரைவை மாட்டியிருக்கிறேன். பாட்டு சிடி நன்றாக ஓடுகிறது. 2009-இல் ஸ்டூடியோக்காரர் கொடுத்த எங்கள் கல்யாண டிவிடியைப் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. புதிதாக டிரைவர் ஏதும் நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். டிரைவர் இல்லையென்றால் சிடியே ஓடியிருக்காது. முதலில் அந்தக் கல்யாண டிவிடியை எடுத்து உறையில் போடுங்கள். இழக்கக் கூடாத டிஸ்கை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம்.

சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று மங்கினாலும் மற்றது வேலை செய்யும். கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். படம் ஓட வேண்டும் என்றில்லை, உள்ளே இருக்கும் கோப்புகள் தெரிந்தால் போதும். அதுவும் தெரியாவிட்டால் சந்தேகம் டிரைவ் மேல்தான். தெரிந்தாலும் டிரைவ் முழு நலம் என்று சொல்லிவிட முடியாது. களைத்துப்போன லேசர் ஆலையில் அச்சடித்த சினிமா டிஸ்கைப் படித்துவிட்டு, உங்கள் கல்யாண டிவிடி போல பர்ன் செய்த டிஸ்கில் திணறும்.

அடுத்து, டெர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு டி-எம்-இ-எஸ்-ஜி என்ற கட்டளையைக் கொடுங்கள், கணினியின் பதிவுகளைக் காட்டும். கடைசி வரிகளில் யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்று மறுபடி மறுபடி வந்தால் மின்சாரம் போதாமல் இருக்கலாம். நடுவில் யூஎஸ்பி ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். மீடியம் எரர் என்று வந்தால் டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று பொருள்.

கல்யாண டிஸ்கில் அப்படி வந்திருந்தால் அதைத் துடைக்க வேண்டும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். தகவல் சுருளாக எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளி இடத்தைத்தான் கெடுக்கும், அதை டிரைவே பிழைதிருத்தி ஈடுகட்டிக்கொள்ளும். சுற்று வாட்டத்தில் விழும் கீறல் தொடர்ச்சியாக அழித்துவிடும்.

துடைத்த பிறகும் கோப்புகளை இழுத்து நகலெடுக்க முயலாதீர்கள், ஒரு செக்டார் (தகவல் எழுதப்படும் சிறு துண்டு) கெட்டிருந்தாலும் பாதியில் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இதற்கென்றே இருக்கிறது. உபுண்டுவில் அதன் பொதியின் பெயருக்கு முன்னால் ஒரு ஜி எழுத்து உண்டு, ஜிடிடிரெஸ்க்யூ என்று தேடினால் கிடைக்கும். செக்டார் அளவு 2048 என்று கொடுங்கள், 10 ஜிபி காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்பதை மேப் கோப்பு ஒன்றில் குறித்துக்கொள்ளும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தெரிந்தவர் யாரிடமாவது வேறு டிரைவ் இருந்தால் இரவல் வாங்கி, அதே மேப் கோப்போடு மறுபடி ஓடவிடுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டாரை இன்னொன்று படித்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கிடைக்கும் இமேஜ் கோப்பை (டிஸ்கின் முழு நகல்) விஎல்சி பிளேயரில் அப்படியே திறந்து பார்க்கலாம். சில செக்டார்கள் வராமல் போனாலும் பெரும்பாலும் அந்த இடத்தில் மட்டும் படம் சற்றே உடையும், மற்றபடி வீடியோ ஓடும்.