மேக் வந்தால் 'டு' வேண்டாம்

தண்டையார்பேட்டை நண்பருக்கு, கன்டெய்னர் யார்டில் லாரியை நிறுத்தி வைத்ததைப் பற்றிய புகாரில் 'தே மேட் மி டு வெயிட்' ஏன் தப்பு என்று கேட்டிருந்தீர்கள். ஒருவரைச் செய்ய வைப்பதைச் சொல்லும் ஆங்கில 'மேக்' (make, இறந்தகாலத்தில் 'மேட்') வந்தால், அதற்கு அப்புறம் வினைச்சொல் 'டு' இல்லாமல் வெறுமனே வரும்: 'தே மேட் மி வெயிட்'. ஆனால் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றினால் 'டு' வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். கோபம் வந்ததைச் சொல்ல 'இட் மேட் மி ஆங்கிரி' போதும்.

'கெட்' (get, இறந்தகாலத்தில் 'காட்') வேறு மாதிரி, அது 'டு' கேட்கும். காசிமேட்டில் மெக்கானிக்கிடம் கெஞ்சிக் கூத்தாடி போட் இன்ஜினைப் பார்க்க வைத்தால், 'ஐ காட் ஹிம் டு செக் தி இன்ஜின்'. வழக்கமான வேலையாகச் சொல்லிச் செய்ய வைத்தால் 'ஹேவ்' (have, இறந்தகாலத்தில் 'ஹேட்') வரும்: 'ஐ ஹேட் ஹிம் செக் தி இன்ஜின்'. அங்கே 'டு' இல்லை.

உங்கள் புகாருக்கு 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' என்றே போடுங்கள். யார் நிறுத்தினார்கள் என்று தெரியாதபோது அதுதான் சரி.